முதுகெலும்பைத் தொடும் முதல் கை



சென்ற இதழில் பிசியோதெரபி பிரிவின் மேற்பயிற்சிக்கென்று காணிக்கை கேட்டிருந்தோம். அதைப் படித்த பெரியவர் ஒருவர், "கை காலைப் பிடித்துவிடுகிற வேலைக்கு மேற்படிப்பு எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு நல்ல மெஷின் வாங்கிப் போடலாமே" என்று எங்களுக்கு எழுதினார். மனம் நோகும்படி எழுதவில்லை, அக்கறையோடுதான் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன் யாராவது எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம். ஆகவே இந்த மாதப் பாடத்தை அவருக்குப் பதிலாகவே எழுதுகிறோம்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்ந்து பாருங்கள். சோமனூர்ப் பக்கத்திலிருந்து விசைத்தறி ஓட்டுகிறவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் நாளெல்லாம் தையல் மெஷின் முன் குனிந்திருக்கும் பெண், பொள்ளாச்சியில் தேங்காய் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், வால்பாறையில் கொழுந்து பறித்து மூட்டை சுமந்தவர். ஊரும் தொழிலும் வேறு வேறு. சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "குனிஞ்சா நிமிர முடியலைங்க."

இங்கே வருமுன் அவர்கள் செய்து பார்த்தவையும் ஏறக்குறைய ஒன்றே. தைலம் தேய்த்தாயிற்று. காலால் பிறந்த பிள்ளையைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்லியாயிற்று. மருந்துக்கடையில் மாத்திரை, பிறகு இடுப்புக்கு பெல்ட். கடைசியில் தெரிந்தவர் யாரோ சொன்னார் என்று, நகையை வைத்து ஒரு ஸ்கேன். அந்தப் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருப்பார்கள்.

இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உள்ள உபத்திரவம் அல்ல. உலகத்தில் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்றும், 2050இல் அது 84 கோடியாகும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்ய விடாமல் முடக்கும் காரணங்களில் உலகளவில் முதலிடம் இதற்குத்தான். இத்தனை பேரையும் அறுவை நிபுணர் ஒருவரே முதலில் பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால் எந்த நாட்டிலும் அது நடவாது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவையும் இல்லை.

முதுகைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால் இது விளங்கும். நம் முதுகுத்தண்டில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அசையும் எலும்புகள் 24. அவற்றின் நடுவே மெத்தைபோல இருப்பவை டிஸ்குகள். "டிஸ்க் நழுவிவிட்டது" என்று ஊரில் சொல்கிறோம். உண்மையில் டிஸ்க் பிதுங்குவதுண்டு, ஒரு தட்டைப்போல வழுக்கிக்கொண்டு வெளியே ஓடுவதில்லை. வளர்ந்தவர்களின் டிஸ்குக்கு நேரான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகளின் வழியாக ஊறி வரும் சத்தே அதற்கு ஆகாரம். இந்த ஊறுதல் எப்படி நடக்கிறது என்பதை உயிருள்ள மனிதரிடத்தில் ஸ்கேன் மூலம் தொடர்ந்து பார்த்து எழுதியவர்கள் நம் கோயம்புத்தூர்க்காரர்கள்தாம். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினருக்கு அந்த ஆய்வுக்காக 2004இல் ஒரு சர்வதேசப் பரிசு கிடைத்தது.

வயது ஏற ஏற டிஸ்க் வற்றும், பிதுங்கும். தலை நரைப்பதுபோலத்தான். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். வலி இல்லாத இருபது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஆகவே ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. எது காரணம், எது காரணமல்ல என்று பிரித்தறிய ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் யார் என்பதே இந்தப் பாடம்.

எங்களிடம் ஒரு மூத்த பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். எம்.பி.டி. முடித்து, முதுகெலும்பு வியாதியஸ்தர்களோடு பதினாறு ஆண்டுகள் உழைத்தவர். அவர் ஒருவரைப் பார்க்கும் விதத்தை நாங்கள் அருகிலிருந்து கவனித்திருக்கிறோம். ஸ்கேன் உறையை முதலில் திறக்கவே மாட்டார். அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "எப்போதிருந்து வலிக்குதுங்க ஐயா? ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா? காய்ச்சல், உடம்பு இளைப்பு உண்டா? ஒண்ணுக்குப் போவது வழக்கம்போல இருக்கிறதா?" என்று கேட்பார். பிறகு நடக்கச் சொல்வார், குதிகாலால் நடக்கச் சொல்வார், கால்விரல் நுனியில் நிற்கச் சொல்வார். படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துவார். பெருவிரலைத் தம் விரலால் அழுத்திக்கொண்டு, "மேலே தூக்குங்க" என்பார். சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிகால் நரம்பிலும் தட்டுவார். பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். இதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்த நரம்பு, எந்த மட்டத்தில் நசுங்குகிறது, அல்லது எதுவுமே நசுங்கவில்லையா என்பது இந்தச் சோதனைகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும் என்று அவர் சொல்வார்.

எத்தனை காலமாக என்று கேட்பது சாதாரணக் கேள்விபோலத் தோன்றும். நிமிர முடியாதிருந்த ஸ்திரீயைப் பற்றி எழுதுகையில், பதினெட்டு ஆண்டுகள் என்ற கணக்கைக் குறித்து வைத்தவர் லூக்கா. அவர் வைத்தியர் அல்லவா, கேட்காமல் விடுவாரா என்று நாங்கள் செமினரியில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டதுண்டு.

சோதனை முடிந்தபின் அவர் சொல்லும் சொற்கள் இருக்கின்றனவே, அவையும் சிகிச்சைதான். எங்கள் நன்கொடையாளர்கள் இதை நம்பத் தயங்குவார்கள் என்று தெரியும். ஆகவே இதற்கும் கோயம்புத்தூரிலிருந்தே ஆதாரம் காட்டுகிறோம். கங்கா மருத்துவமனைக் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாட்பட்ட முதுகுவலியுள்ள 44 பேரை, பெரிய ஆபத்து எதுவும் இல்லாதவர்களாகப் பார்த்து, இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு ஸ்கேனில் கண்ட ஒவ்வொரு கோளாறையும் விவரமாக எடுத்துச் சொன்னார்கள். மறு பிரிவாரிடம், "உங்கள் ஸ்கேன் நன்றாகவே இருக்கிறது, தெரிகிறவை வயதோடு வருபவை" என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, கோளாறுகளை விவரமாகக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிக பயத்தோடு இருந்தார்கள். அவர்களுக்கு வலி குறைந்ததும் குறைவு, அன்றாட வேலைகளைச் செய்ய முடிந்ததும் குறைவு. வித்தியாசம் மாத்திரையில் அல்ல, சொன்ன வார்த்தையில் இருந்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு உறைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் இதை எழுதுகிற எங்களுக்கே முதுகுவலி வந்தது. வெளியில் ஓரிடத்தில் எடுத்த ஸ்கேனுக்கு இரண்டு பக்கம் அறிக்கை தந்தார்கள். அதிலிருந்த நீண்ட சொற்களில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி தூங்கவிடவில்லை. நான்கு மாதம் பெல்ட் கட்டிக்கொண்டு, ஆராதனையில் முழங்காலிடாமல், பேரக் குழந்தையைத் தூக்காமல், பேருந்தில் ஏறப் பயந்து வாழ்ந்தோம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "ஐயா, உங்கள் முதுகு உடைந்துபோகிற பொருள் அல்ல. நீங்கள் அதை உபயோகிக்காமல் விட்டதுதான் இப்போது பெரிய வியாதி" என்றார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிரகாரத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். முதல் வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு. பேத்தியைத் தூக்க இரண்டு மாதம் ஆயிற்று. பேத்தியும் அதற்குள் கனத்துவிட்டாள்.

மெஷின் கேட்ட பெரியவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவின் மூலையில் இடுப்பை இழுக்கும் டிராக்ஷன் கட்டில் ஒன்று துணி போர்த்தி நிற்கிறது. அன்பான ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாரின் நினைவாகக் கொடுத்தது, பித்தளைத் தகட்டில் பெயரும் இருக்கிறது. அந்நாளில் அது பெரிய உதவியாக எண்ணப்பட்டது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய போதனை முதலியவற்றை அது பரிந்துரைக்கிறது. டிராக்ஷன், இடுப்பு பெல்ட், அபின் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மெஷின்கள் பழசாகின்றன. கற்ற மனிதரோ புதிய வழிகாட்டுதலைப் படித்து, தம் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, முதுகுவலி என்றால் தைரியம் சொல்லி அனுப்புவதே வேலை என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றில் ஒரு சிலருக்கு அது பெரிய ஆபத்தின் அறிகுறி. அந்தச் சிலரைக் கூட்டத்திலிருந்து கண்டெடுப்பதற்குத்தான் அனுபவமும் மேற்பயிற்சியும்.

முதுகுத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல இறங்குகின்றன. பெரிய டிஸ்க் ஒன்று பிதுங்கி அந்தக் கொத்தையே நசுக்கினால், உட்காரும் இடம் மரத்துப்போகும், சிறுநீர் கழிப்பது தடைபடும் அல்லது தெரியாமலே போகும், இரண்டு கால்களும் தளரும். அது அவசரம். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து அறுவை நிபுணரிடம் சேர்க்க வேண்டும். தாமதித்தால் சிறுநீர், மலம் இவற்றின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். வெட்கத்தினால் இதைச் சொல்லாமல் மறைக்கிறவர்கள் அநேகர். கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

மற்றொன்று, முதுகெலும்புக் காசநோய். மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, இரவிலும் விடாத வலி. மருந்தினால் குணமாகக்கூடிய வியாதிதான், காலத்தில் கண்டுபிடித்தால். குழந்தைகளுக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கிருமி அழிந்து நோய் குணமான பிறகும், வளரும் வயதில் சில குழந்தைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போகிறது என்பதைச் சென்னையில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2001இல் எழுதியவரும் டாக்டர் ராஜசேகரனே.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். நாங்கள் நடத்திய கிராம முகாம் ஒன்றுக்கு வயதான அம்மாள் ஒருவர் முதுகுவலியோடு வந்தார். "வயசாச்சுங்க, காட்டு வேலை" என்று அவரே காரணம் சொல்லிவிட்டார். நாங்களும் அதையே ஏற்று, ஜெபித்து, தைலமும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினோம். மூன்று முகாம்களில் அப்படியே. நான்காம் முறை பிசியோதெரபிஸ்ட் எங்களோடு வந்தார். அம்மாளின் முதுகில் விரலால் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் அம்மாள் துடித்தார். "எத்தனை மாசமா ரவிக்கை தொளதொளன்னு இருக்குதுங்கம்மா?" என்று கேட்டார். அன்று மாலையே அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். காசநோய் என்று தெரிந்தது. குணமானார். ஆனால் முதுகு வளைந்தது வளைந்ததுதான். முதல் முகாமிலேயே கண்டிருந்தால் என்ற எண்ணம் எங்களை இன்னும் விடவில்லை.

வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே பதவி வைத்திருக்கிறார்கள். மேம்பட்ட பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் என்று பெயர். இங்கிலாந்தில் முதுகுவலிக்காரர் பலர் குடும்ப டாக்டரைப் பார்க்குமுன் நேரே அவரிடம் போகலாம். பரிசோதனைக்கு எழுதவும், உரிய தகுதி பெற்றவர் சில மருந்துகள் எழுதவும் அங்கே அனுமதி உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், அறுவை நிபுணருக்காக மாதக்கணக்கில் காத்திருந்த முதுகுவலிக்காரர்களை இப்படிப்பட்டவர்கள் முதலில் பார்த்துப் பிரிக்கும் முன்னோடித் திட்டம் 2012இல் தொடங்கி, பிறகு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கத்தி தேவையானவர் சீக்கிரம் நிபுணரிடம் சேர்ந்தார். தேவையில்லாதவர் சீக்கிரம் பயிற்சியைத் தொடங்கினார்.

நம் நாட்டில் அப்படித் தனிப் பதவி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல்தான் வந்தது. அதில் பிசியோதெரபிக்கும் இடம் கிடைத்தது. பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்பதைப் பற்றி 2025இல் டில்லியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதில் எங்களுக்கு அபிப்பிராயம் இல்லை. பெயருக்கு முன் என்ன இருக்கிறது என்று எங்கள் அம்மாள் கேட்கவில்லை. மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் எங்களிடத்தில் டாக்டர்களின் பொறுப்பு. ஆபத்து அறிகுறி கண்டால் அந்த நிமிடமே டாக்டரை அழைக்க வேண்டும். அந்த எல்லையை நன்றாக அறிந்திருப்பதையும் மேற்பயிற்சியின் ஒரு பகுதியாகவே எங்கள் பிசியோதெரபிஸ்ட் எண்ணுகிறார்.

இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். தென்னை மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து, தண்டுவடம் அறுபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்கள். விழுந்தவரை நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். அரைகுறையாக நசுங்கிய தண்டுவடம் அந்தப் பயணத்தில் முழுவதும் சேதமாகிவிடலாம். தயவுசெய்து உங்கள் சபைகளில் சொல்லுங்கள்: விழுந்தவரை மடக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அசைத்தே ஆகவேண்டுமானால் தலை, உடல், கால் மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி பலபேர் சேர்ந்து ஒரு பலகைக்கு மாற்றுங்கள்.

இவர்களுக்காக நம் மிஷன் மருத்துவமனைகள் செய்ததை நினைக்கையில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் ஞாபகத்துக்கு வருகிறார். 1954இல் நடந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் அந்தத் துறையையே படித்துத் திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972இல் பத்மஸ்ரீ பெற்று, 1986இல் இறந்தார். தம்மைத் தாமே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொள்ள அவர் முதலில் கற்க வேண்டியிருந்தது. கையின் பலத்தை ஒவ்வொரு தசையாகக் கூட்டி, மணிக்கணக்காகச் செய்த வேலை அது. இன்று எங்கள் வார்டில் நடப்பதும் அதே வேலைதான். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தல், படுக்கைப் புண்ணைத் தடுத்தல், சிறுநீர்க்குழாயைத் தாமே சுத்தமாகப் போட்டுக்கொள்ளக் கற்பித்தல், வீட்டு வாசற்படிக்குச் சாய்தளம் போடும் அளவெடுத்தல். கால் நடக்காது என்று ஒரு வாலிபனுக்குச் சொல்ல வேண்டிய நாளில், டாக்டர் சொல்லிவிட்டுப் போனபிறகு, மீதிக் கேள்விகளை அவன் பிசியோதெரபிஸ்டிடம்தான் கேட்கிறான். ஏனெனில் தினமும் ஒரு மணி நேரம் அவன் அருகில் இருப்பவர் அவர். எங்களிடம் கேட்பது அதற்குப் பிறகே.

எங்கள் மூத்த பிசியோதெரபிஸ்டுக்கு இன்னும் சில ஆண்டுகளே வேலை செய்ய முடியும் என்கிறார். அவருக்குக் கீழ் இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பல்லடத்துக்காரர், மற்றவர் கோபிப் பக்கம். இருவரையும் ஒருவர்பின் ஒருவராக, முதுகெலும்புச் சிகிச்சையில் தேர்ந்த பெரிய மருத்துவமனைக்குச் சில மாதங்கள் பயிற்சிக்கு அனுப்ப விரும்புகிறோம். அந்த மாதங்களில் அவர்கள் சம்பளம் நிற்கக்கூடாது, அவர்கள் இடத்தில் வேறொருவரை வைக்கவும் வேண்டும். கேட்கும் காணிக்கை இவ்வளவுக்குத்தான். இதற்குப் பித்தளைத் தகடு அடிக்க இடம் இல்லை என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

டிராக்ஷன் கட்டிலை என்ன செய்வதென்று நிர்வாகக் குழு இன்னும் தீர்மானிக்கவில்லை. கொடுத்த குடும்பத்தாரைச் சென்ற வாரம் நேரில் கண்டு விவரம் சொன்னோம். மூத்த மகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவுக்கும் கடைசி வரை முதுகுவலிதானுங்க ஐயா. அந்தப் பசங்க படிச்சு வந்ததும் சொல்லுங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.